ஆசாரி தறியில் உட்கார்ந்த கதை

தறி செய்கிற ஆசாரி ஒருத்தர் இருந்தார். அங்கப்ப ஆசாரி என்று பேர்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு தறி. பாதித் தறி அவர் அப்பா செய்தது. மீதி இவர் செய்தது. காலையில் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச்சத்தம் கேட்கும். ஆசாரிக்கு அது ஊரே எழுந்து நின்று தன்னைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். தலையை லேசாக ஆட்டிக்கொண்டே நடப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சங்கடம் வந்தது.

கீழத்தெரு ராமலிங்கத்தின் மனைவி லிங்கம்மாவுக்கு ஒரு புதுத் தறி செய்து கொடுத்திருந்தார். நல்ல வேங்கை மரம். கால் இறக்கக் குழி வெட்டி, தறிக்கால் நட்டு, அவரே இறக்கி வைத்தது. ஆனால் அவள் உட்கார்ந்து மிதித்தால் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி மிதித்தால் இன்னோர் இழை அறுந்தது. பிறந்த வீட்டில் கைபிசகாமல் நெய்தவள் அவள்.

ஆசாரி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் குழாய் பதித்த சின்னக் கட்டை அது. குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். வைத்த இடம் மட்டமாக இருந்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும்.

நின்றது. எந்த மூலையில் வைத்தாலும் நின்றது.

"தறியில ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அப்புறம் இழை ஏனுங்க அறுபடுது?" என்றாள் லிங்கம்மா.

"நூலைக் கேளு."

நூலை மாற்றிப் பார்த்தார்கள். மாற்றின நூலும் அறுந்தது.

ராமலிங்கம் தன்மையான ஆள். தன்மையாகவே சொன்னான். "இந்தப் பாவு தீர்ற மட்டும் பார்க்கறோமுங்க. அப்பவும் இப்படியேன்னா, கழட்டி வண்டியில ஏத்தி உங்க வீட்டுக்கே அனுப்பிடறோம். மனசுல வச்சுக்காதீங்க."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல். அது தீரத் தீர துணியாகும். முழுதும் தீர்ந்தால் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். அதுவரைக்கும்தான் தவணை.

தறி திரும்பி வருவது லேசான காரியம் இல்லை. வண்டி மூன்று தெருவையும் தாண்டி வரவேண்டும். வாசலுக்கு வாசல் ஆள் நின்று பார்க்கும். அதற்கப்புறம் கதவு செய்யலாம், கட்டில் செய்யலாம். தறி ஆசாரி என்று ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆசாரி நடுத்தெருவுக்குப் போனார். அங்கே சவுடம்மா இருந்தார். ஆசாரியைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனால் நெசவில் எந்த வழக்கு வந்தாலும் அந்த ஊருக்கு அவர் சொல்தான் சொல்.

"அம்மணி, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லோணும். தறி சரியா இருக்குன்னு சொன்னாப் போதும்."

சவுடம்மா நெய்துகொண்டே கேட்டார். "நீங்க எந்தத் தறியிலயாவது உட்கார்ந்து நெய்திருக்கீங்களா, ஆசாரியாரே?"

"நானா? நான் எதுக்கு?"

"இத்தனை தறி செஞ்சிருக்கீங்க. ஒண்ணுலகூட உட்காரலயா?"

ஆசாரிக்குச் சுருக்கென்றது. "தேர் செய்யறவன் தேர்ல ஏறியா உட்கார்றான்?"

"தேர்ல சாமி உட்காருது. சாமிக்கு இடுப்பு வலிக்காது."

ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நெய்யக் கத்துக்குங்க" என்றார் சவுடம்மா. "உங்களுக்கு நெசவு வந்ததும் நான் வந்து பார்த்து, இருக்கறதைச் சொல்றேன்."

"லிங்கம்மா பாவு தீர்ந்துபோயிரும் அம்மணி!"

"அப்ப ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

சவுடம்மா எழுந்து இடம் விட்டார். ஆசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழிக்குள் காலை இறக்கினார்.

இறக்கினவுடனே பேச ஆரம்பித்துவிட்டார். "இந்த மிதியை மிதிச்சா பாவுல பாதி நூல் மேல போகும், பாதி கீழ வரும். நடுவுல வழி திறக்கும். அந்த வழியில நாடாக் கட்டை ஓடி ஊடை நூலைக் குறுக்க விட்டுட்டுப் போகும். அப்புறம் அச்சுப் பலகையை இழுத்து அடிச்சு நெருக்கோணும். அடுத்த மிதி. இவ்வளவுதானே? இது எனக்குத் தெரியாதா?"

"ஒரு எழுத்துத் தப்பில்ல. இப்ப மிதிங்க."

மிதித்தார். நாடாக் கயிற்றை இழுத்தார். நாடா வழியை விட்டுவிட்டு வெளியே பறந்து, படுத்திருந்த பூனைமேல் விழுந்தது. பூனை ஒரே ஓட்டம்.

"அது நெசவுக்கு வரலீங்க ஆசாரியாரே" என்றார் சவுடம்மா. "அதை அடிக்காதீங்க."

அன்றிலிருந்து ஆசாரி தினமும் வந்தார். கை சொன்னால் கால் கேட்கவில்லை. கால் சொன்னால் கை கேட்கவில்லை. நெய்த துணி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. இழை அறுந்தால் போதும், குழியிலிருந்து எகிறி வந்து சுத்தியலைத் தேடுவார்.

"சுத்தியல் எதுக்கு?"

"தறியில என்னமோ கோளாறு."

"முதல்ல இழையை முடிங்க."

உளி பிடித்த விரல். நூலை எடுத்தால் நூல் தெரியாது, விரல்தான் தெரியும். ஒரு முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் வேர்த்துக் கொட்டும்.

வீட்டில் அவர் மனைவி பழனாத்தாள் சிரித்தாள். "ஏனுங்க, தூக்கத்துல எதை மிதிக்கறீங்க? ராத்திரியெல்லாம் என் காலு போச்சு."

"நெய்யறேன்."

"நல்லா நெய்ங்க. எனக்கு ஒரு சேலை வருமா, இல்ல காலு வீங்கறதோட சரியா?"

ஆசாரிக்கு வாய் சும்மா இருந்தாலும் கண் சும்மா இல்லை. சவுடம்மாவின் தறி ஆசாரியின் அப்பா செய்தது. அதில் கண்ட இடமெல்லாம் ஒட்டுவேலை. ஒரு மிதிக்கு அடியில் கந்தல் துணிச் சுருட்டு. துணி சுருளுகிற படைமரத்துக்கு ஒரு ஓரம் மூங்கில் சில்லு. உட்காரும் பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. அச்சுப் பலகை தொங்குகிற கயிற்றில் ஒரு பக்கம் கூடுதலாக ஒரு முடிச்சு.

"அம்மணி, இதெல்லாம் யார் வச்சது?"

"சிலது நான். சிலது என் மாமியார். மாமியாருக்கு முன்னால யாரோ."

"எங்கப்பா செஞ்ச தறியை இப்படி ஊர்ப்பட்ட குப்பையில நிறுத்தி வச்சிருக்கீங்களே!"

"நிக்குதில்ல?" என்றார் சவுடம்மா.

ஆசாரியின் மனசுக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. தனக்கு நெசவு வராததற்குக் காரணம் இந்தக் குப்பைதான்.

ஒரு நாள் சவுடம்மா பக்கத்து ஊருக்கு ஒரு துக்கத்துக்குப் போனார். தறியில் அவர் கையால் பாதி நெய்த கல்யாணப் புடவை இருந்தது. "நான் வர்ற வரைக்கும் நூல் சுத்திக்கிட்டு இருங்க" என்று சொல்லிப் போனார்.

ஆசாரி நூலைத் தொடவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். கந்தலை உருவினார். சில்லைத் தட்டி எடுத்தார். சிரட்டையை மூலையில் வீசினார். கூடுதல் முடிச்சை அவிழ்த்தார். தேய்ந்த இடத்தில் புதுக்கட்டை வைத்து, எண்ணெய் விட்டு, மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார். குமிழி அசையாமல் நின்றது. அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். குருவுக்குச் சீடன் இதைவிட என்ன கொடுத்துவிட முடியும் என்றும் நினைத்தார்.

மறுநாள் சவுடம்மா வந்தார். கூட்டிய கந்தலும் சில்லும் மூலையில் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்தார். ஆசாரியைப் பார்த்தார். ஆசாரியின் முகம் பரிசு வாங்கப் போகிற பிள்ளை முகம்போல இருந்தது.

சவுடம்மா தறியில் உட்கார்ந்தார். மிதித்தார்.

இழை அறுந்தது.

முடிச்சுப் போட்டார். மிதித்தார். அறுந்தது. கல்யாணப் புடவையின் ஊடை கோணலாக ஏறியது.

ஆசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மட்டம் பார்த்தனே அம்மணி... சாமி சத்தியமா மட்டம் சரியா இருக்கு."

சவுடம்மா கோணலைப் பிரித்துவிட்டு இறங்கினார். "ஏறுங்க."

"வேண்டாம் அம்மணி. கல்யாணப் புடவை."

"ஏறுங்க ஆசாரியாரே. ரெண்டு விரக்கடை நெய்யுங்க. தப்பா வந்தா பிரிச்சுக்கலாம்."

ஆசாரி பயந்துகொண்டே உட்கார்ந்தார். மிதித்தார். நாடா போனது, வந்தது. மிதித்தார். போனது, வந்தது. கை சொன்னதைக் கால் கேட்டது. ரெண்டு விரக்கடை நெய்து முடிக்கும்வரைக்கும் ஒரு இழை அறவில்லை. கோடு போட்ட மாதிரி ஊடை நேராக நின்றது.

ஆசாரி கத்தினார். "பார்த்தியா அம்மணி! தறி சரியாத்தான் இருக்கு! நேரா வருது பாரு!"

"ஆமா" என்றார் சவுடம்மா. "உங்களுக்குச் சரியா இருக்கு."

ஆசாரி நாடாக் கயிற்றை விட்டார்.

அப்புறம்தான் அவர் திரும்பிச் சவுடம்மாவைப் பார்த்தார். எத்தனையோ நாளாக இந்த வீட்டுக்கு வருகிறார். தறியின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். சவுடம்மா நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இடுப்புல என்ன அம்மணி?"

"ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் இப்படி ஆயிருச்சு. வலது கால் சொன்னபடி கேக்காது. முந்திக்கிட்டுப் போய் அமுக்கிடும்."

"அப்ப அந்தக் கந்தல்..."

"அது காலைத் தாங்கிக்கும்."

ஆசாரி மூலைக்குப் போய்க் குவியலின் முன்னால் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரிக் குப்பையாகத்தான் தெரிந்தது.

"எது எங்க இருந்துச்சு அம்மணி?"

"எனக்கு என்ன தெரியும்? எடுத்தது நீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லியே."

"நான் உட்கார்றேன்" என்றார் சவுடம்மா. "நீங்க பாருங்க."

சவுடம்மா நெய்ய, ஆசாரி குழி ஓரத்தில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொண்டார். முதலில் மிதியைப் பார்த்தார். இழை அறுந்தது. படைமரத்தைப் பார்த்தார். அறுந்தது. சவுடம்மா அலுக்காமல் முடிச்சுப் போட்டு, கோணலைப் பிரித்து, மறுபடி மறுபடி நெய்தார்.

"என்ன தெரியுது?"

"மிதி ஆழமா இறங்குது."

"அது மரம். அப்புறம்?"

ஆசாரி மிதியை விட்டு அவர் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உன் கால் முழுசா ஊனல அம்மணி. பெருவிரல் முதல்ல வருது. பின்னால வலி வருது போல. அதைப் பொறுக்க முடியாமதான் ஒரே அமுக்கா அமுக்கற."

சவுடம்மா நெய்வதை நிறுத்தினார். அவர் அம்மா தவிர யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை.

"ம். வைங்க" என்றார்.

ஆசாரி கந்தலை எடுத்து, முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் தடிப்பாகச் சுருட்டி, மிதிக்கு அடியில் வைத்தார். சவுடம்மா மிதித்தார். அறவில்லை.

அப்புறம் சில்லு. அப்புறம் சிரட்டை. அப்புறம் கயிற்று முடிச்சு. ஒவ்வொன்றையும் வைத்து, அவர் தோளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி நகர்த்தினார். சாயங்காலம் தறி பழையபடி அசிங்கமாக நின்றது. புடவை பழையபடி நேராக வந்தது.

"கல்யாண வீட்டுக்கு அந்த ரெண்டு விரக்கடையைப் பிரிச்சுக் குடுத்துரலாமுங்களா?" என்றார் ஆசாரி.

"எதுக்குப் பிரிக்கோணும்? நல்லாத்தானே நெய்ஞ்சிருக்கீங்க."

ஆசாரிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். பழனாத்தாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "கல்யாணப் புடவையில ரெண்டு விரக்கடை நான் நெய்ஞ்சது."

"எந்த ரெண்டு விரக்கடைன்னு பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க" என்றாள் பழனாத்தாள். "அது கிழிஞ்சா உங்களை வந்து கேக்கட்டும்."

விடிந்ததும் ஆசாரி கீழத்தெருவுக்கு ஓடினார். லிங்கம்மாவின் தறியில் பாவு தீரப் போகிற கட்டம். ராமலிங்கம் வண்டிக்காரனிடம் பேசியிருந்தான்.

"கொஞ்சம் பொறு தம்பி. லிங்கம்மா, நீ உட்காரு. நெய்."

"இழை அறுந்துரும்ங்க."

"அறட்டும். நீ நெய்."

ஆசாரி ரசமட்டத்தை எடுக்கவில்லை. சுவரோரம் போய்க் குந்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே வாயைப் பிளந்தார்.

"ஏம்மா... எத்தனை மாசம்?"

லிங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ராமலிங்கம்தான் சொன்னான். "ஏழு முடியப் போகுதுங்க."

"இதை ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? ஊருக்கே தெரியுது. நீங்க வந்தப்பெல்லாம் தறியைத்தானுங்க பார்த்தீங்க."

வயிறு படைமரத்தில் இடிக்காமல் இருக்க அவள் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கால் எட்டவில்லை. எட்டாத காலால் எம்பி எம்பி மிதித்தாள். ஒவ்வொரு மிதியும் பாவைச் சுண்டி இழுத்தது.

"மண்வெட்டி எடு" என்றார் ஆசாரி.

ராமலிங்கமும் அவருமாகக் குழியின் விளிம்பைச் சீவினார்கள். பலகையைப் பின்னால் நகர்த்தினார்கள். மிதியை அவள் காலடிக்குக் கொண்டுவந்தார்கள். முதுகுக்குச் சாய்மானமாக ஒரு கட்டை நட்டார்கள். ஆசாரி தன் தோளில் கிடந்த துண்டையே கிழித்துச் சுருட்டி மிதிக்கு அடியில் வைத்தார். "உட்காரு. இல்ல, எந்திரி. இப்ப உட்காரு. மூச்சு முட்டுதா? உண்மையைச் சொல்லு. ஆசாரி கோவிச்சுக்குவார்னு பார்க்காத."

"இப்ப முட்டலீங்க."

"நெய்."

நெய்தாள். அச்சுப் பலகை அடித்தது. நாடா போய் வந்தது. மீதிப் பாவும் துணியாகிச் சுருண்டது. ஒரு இழை அறவில்லை.

ராமலிங்கம் வண்டிக்காரன் வீட்டுப் பக்கம் நடந்தான். வேண்டாம் என்று சொல்லத்தான்.

அடுத்த பாவை ஏற்றுகிற அன்றைக்குச் சவுடம்மா வந்தார். சொன்ன வார்த்தைக்காக வந்தார். தறியைச் சுற்றி நடக்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. லிங்கம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, ராத்திரி தூக்கம் வருதா, கால் வீங்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கிளம்பினார்.

ஆசாரி பின்னாலேயே ஓடினார். "அம்மணி, தறியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

"அவ தூங்கறாளாம். நல்லா நெய்யறாளாம்."

இரண்டு பேரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் தறிச்சத்தம். ஆசாரி இப்போது தலையை ஆட்டவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காது கொடுத்தார். ஒரு வீட்டில் அடி வேகமாக விழுந்தது. ஒரு வீட்டில் இரண்டு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தது.

"இங்க யார் அம்மணி நெய்யறது? மூட்டுவலி ஆளா?"

"ஆமா. போன மழையிலிருந்து."

ஆசாரி பெருமூச்சு விட்டார்.

"என்ன ஆசாரியாரே?"

"பிள்ளை பிறந்ததும் லிங்கம்மாவுக்குத் திரும்ப மாத்தோணும். அப்புறம் அவ மாமியார் உட்காருவா, அதுக்கு மாத்தோணும். வயசானா மாத்தோணும். இந்த வீட்டுல மூட்டுவலி. அடுத்த வீட்டுல என்னமோ." தெருவின் நீளத்தைப் பார்த்தார். "இத்தனை காலம் வேலை பார்த்திருக்கேன். நான் செஞ்சு முடிச்ச தறின்னு இந்த ஊர்ல ஒண்ணுகூடவா இல்ல?"

சவுடம்மா கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கே" என்றார். "மேலத்தெருக் கோடியில அண்ணன் தம்பி வழக்குல பூட்டிக் கிடக்குதே, அந்த வீட்டுக்குள்ள ஒண்ணு இருக்கு. நீங்க இறக்கி வச்ச மறுநாள் பூட்டினாங்க. இன்னிவரைக்கும் ஒருத்தரும் அதுல உட்காரல."